எழுபது ஏழைப் பிள்ளைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, நான் படித்த தனியார் பள்ளியின் வாசலில் பெயர்ப்பலகை மாறியிருப்பதைப் பார்த்தேன். முன்பு 'மெட்ரிகுலேஷன்' என்றிருந்த இடத்தில் இப்போது 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் பேத்தியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பப்ளிக்குன்னா பொதுதானே தம்பி? அப்ப ஃபீஸ் கிடையாதா?"

அந்தக் கேள்விக்கு அப்போது நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, ஆங்கிலக் கல்வி வரலாற்றின் மிகச் சங்கடமான கேள்விகளுள் ஒன்றை அவர் தன்னையறியாமல் கேட்டுவிட்டார் என்று தோன்றியது. இக்கட்டுரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

என் சொந்த நினைவு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் அந்தப் பள்ளியில் நான் பாதிக் கட்டணத்தில் படித்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். தாளாளரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டதில் சலுகை கிடைத்தது. ஆனால் அந்தப் பாதியும் பல மாதங்கள் தாமதமாகும். பத்தாம் தேதிக்குப் பிறகு அலுவலக உதவியாளர் ஒரு தாளோடு வகுப்புக்குள் வருவார். பெயர் படிக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சில நாட்களில் வெளியே போய் நிற்க வேண்டும். யாரும் எங்களை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் அந்தத் தாளை மடித்திருந்த விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தனியார் பள்ளி என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது பாடத்திலிருந்து அல்ல, அந்தத் தாளிலிருந்து. பின்னாளில் ஆங்கிலேயப் பள்ளிகளின் வரலாற்றைப் படித்தபோது, அதே தாள் சில நூற்றாண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்திருப்பதைக் கண்டேன்.

*

1382இல் வில்லியம் ஆஃப் விக்கம் என்ற ஆயர் வின்செஸ்டரில் ஒரு பள்ளியை நிறுவினார். எளிய குடும்பத்தில் பிறந்து அரசின் உயர்பதவி வரை சென்றவர் அவர். எழுபது மாணவர்கள், ஏழைகளாகவும் வறியவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. 1440இல் பதினெட்டு வயது மன்னர் ஆறாம் ஹென்றி அதையே முன்மாதிரியாகக் கொண்டு, வின்சர் கோட்டைக்கு எதிரே, தேம்ஸ் நதியின் மறுகரையில் ஈட்டன் பள்ளியைத் தொடங்கினார். அங்கும் எழுபது பிள்ளைகள். உணவு, உறைவிடம், உடை, கல்வி எல்லாம் இலவசம். ஈட்டனில் தேறியவர்கள் கேம்பிரிட்ஜில் அவரே நிறுவிய கிங்ஸ் கல்லூரிக்குப் போகலாம்.

இரண்டு பள்ளிகளின் விதிகளிலும் சின்னதாக ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. எழுபது பேருக்கு அப்பால், கட்டணம் கொடுத்துப் படிக்க விரும்பும் மேட்டுக்குடிப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள்ளலாம். வின்செஸ்டரில் பத்துப் பேர், ஈட்டனில் இருபது பேர். அன்று அது ஒரு விதிவிலக்கு. அடுத்த நானூறு ஆண்டுகளில் அந்த விதிவிலக்கே பள்ளியாக மாறியது. எழுபது பேர் விதிவிலக்காக ஆனார்கள்.

'பப்ளிக்' என்ற சொல்லின் கதையும் இங்கேதான் இருக்கிறது. செல்வந்தர்கள் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்பித்த காலம் அது. ஒருவர் தம் சொந்த லாபத்துக்காக நடத்தும் பள்ளிகளும் இருந்தன. அவை 'பிரைவேட்' பள்ளிகள். இவற்றுக்கு மாறாக, அறக்கட்டளையால் நடத்தப்பட்டு, எந்த ஊரிலிருந்து வருபவரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி 'பப்ளிக்' ஆனது. எங்கிருந்தும் வரலாம்; கொடுப்பதற்குப் பணம் இருந்தால் போதும். பேருந்து நிறுத்தத்துப் பெரியவர் புரிந்துகொண்ட பொருளில் அந்தச் சொல் நெடுங்காலமாகவே வழங்கவில்லை.

*

இலவச இடத்தில் படிப்பது எப்படியிருந்தது? ஈட்டனில் அந்த எழுபது பேர் கறுப்பு அங்கி அணிய வேண்டும். லத்தீனில் அங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'டக்' என்ற கேலிப்பெயர் அவர்களுக்கு வந்தது என்பார்கள். கட்டணம் கட்டியவர்கள் நகரத்து விடுதிகளில் தங்கினார்கள். அவர்களுக்கு 'ஆப்பிடன்' என்று பெயர். இலவச மாணவர்களில் பெரும்பாலோர் உறங்கியது 'லாங் சேம்பர்' என்ற ஒரே நீண்ட கூடத்தில். மாலையில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனால், காலையில்தான் திறப்பார்கள். இடையில் ஆசிரியர் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உடைந்த கண்ணாடிச் சன்னல்கள், எலிகள், பெரிய பையன்களின் ஆட்சி. உணவு ஏறத்தாழ எல்லா நாளும் ஆட்டிறைச்சி. அதிலும் சிறுவர்களுக்குக் கிடைத்தது பெரியவர்கள் எடுத்தது போக மிஞ்சியது. மன்னர் எழுதிவைத்த எழுபது இடங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில ஆண்டுகள் நிரம்பவேயில்லை. பெற்றோர் அஞ்சினார்கள். 1840களில் புதிய கட்டடம் எழும்பும் வரை இதுதான் நிலை.

கட்டணம் கட்டியவர்களுக்கும் அது சொகுசு வாழ்க்கையாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1809 முதல் 1834 வரை ஈட்டனின் தலைமையாசிரியராக இருந்த ஜான் கீட் மிகக் குள்ளமான மனிதர். பிரம்புக் கட்டைப் பயன்படுத்துவதில் தளராதவர். 1832இல் ஒரே இரவில் எண்பதுக்கு மேற்பட்ட பையன்களை அடித்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. 1825 பிப்ரவரியில் ஃபிரான்சிஸ் ஆஷ்லி கூப்பர் என்ற சிறுவன், சக மாணவனோடு நடந்த கைச்சண்டையில் இறந்தான். அது கோபத்தில் மூண்ட அடிதடி அன்று. சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்க, சுற்றுச் சுற்றாக, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முறைப்படி நடந்த சண்டை. களைத்தபோது அவனுக்குப் பிராந்தி புகட்டியிருக்கிறார்கள். அவன் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் மகன். குடும்பம் வழக்கை வற்புறுத்தவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இறந்தவனின் அண்ணன்தான் பின்னாளில் தொழிற்சாலைகளில் சிறுவர்களின் வேலை நேரத்தைக் குறைக்கப் பல ஆண்டுகள் போராடிய ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் படிக்கும்போது மனம் அங்கே ஒரு கணம் நிற்கிறது.

*

வகுப்பறையில் லத்தீனும் கிரேக்கமும். அதற்கு வெளியே, பகலின் பெரும்பகுதியும் இரவு முழுவதும், பையன்கள் பையன்களை ஆண்டார்கள். 'ஃபேகிங்' என்று அதற்குப் பெயர். நம் மொழியில் எடுபிடி வேலை. இளைய மாணவன் மூத்தவனுக்கு ரொட்டி வாட்ட வேண்டும், காலணி துடைக்க வேண்டும், கணப்பு மூட்ட வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். கடைசியாக ஓடி வருபவனுக்கு வேலை. சில ஆண்டுகள் கழித்து அவனே மூத்தவனாவான்; அப்போது அவன் கூப்பிடுவான், வேறொரு சிறுவன் ஓடி வருவான்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பட்ட துன்பத்துக்கு ஈடு, துன்பம் தந்தவனிடமிருந்து கிடைக்காது. அடுத்து வருபவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே யாரும் அதை ஒழிக்க நினைப்பதில்லை. நம்மூர் மாமியார் மருமகள் கதைகளை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் இந்த ஆட்சிக்குள் கைவைத்தபோதெல்லாம் கலகம் வெடித்தது. 1797இல் ரக்பி பள்ளியில் மாணவர்கள் தலைமையாசிரியர் அறையின் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள், மேசைகளைக் கொளுத்தினார்கள், படைவீரர்கள் வந்து அடக்க வேண்டியிருந்தது. 1818இல் வின்செஸ்டரிலும் துப்பாக்கிமுனை ஈட்டியோடு வீரர்கள் வந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் காற்று வீசிய காலம்தான். ஆனால் இந்தக் கலகங்களில் சமத்துவத்துக்கான குரலைவிட, தங்கள் அதிகாரத்தில் தலையிடாதே என்ற குரலே ஓங்கி ஒலித்ததாகத் தோன்றுகிறது.

1828இல் ரக்பிக்குத் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்டு (கவிஞர் மேத்யூ ஆர்னால்டின் தந்தை) இந்த ஆட்சியை ஒழிக்கவில்லை. அதைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். உயர்வகுப்பு மாணவர்களைச் சட்டாம்பிள்ளைகளாக்கி, அவர்களிடம் நேரடியாகப் பேசி, அவர்கள் மூலம் பள்ளியை நடத்தினார். முதலில் சமயமும் ஒழுக்கமும், அடுத்து கனவானுக்குரிய நடத்தை, அதன்பின்தான் அறிவு என்பது அவர் வைத்த வரிசை. 1842இல், 46 வயதில் இறந்தார். அவரிடம் படித்த தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' நாவல், ரக்பியை உலகப் பள்ளிகளின் இலட்சிய வடிவமாக்கியது. பிரிட்டிஷ் ஆட்சி சென்ற இடமெல்லாம் விடுதியும், அணிகளும், சட்டாம்பிள்ளையும், மாலை விளையாட்டும் சேர்ந்து சென்றன.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்தினேன். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சில ஆண்டுகள் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தை நடத்தினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் கண்டு, அம்முறையைத் தம் காப்பகத்தில் கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. கட்டணப் பள்ளியான சார்ட்டர்ஹவுஸிலும், ரஸ்ஸல் என்ற தலைமையாசிரியர் காலத்தில் அது கையாளப்பட்டது. ஆசிரியர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் போதும். மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கலாம். 1820களில் அங்கே படித்தவர்களுள் ஒருவர் கல்கத்தாவில் பிறந்த வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. சண்டையில் மூக்கு உடைபட்டு, அந்தப் பள்ளிக்குக் கசாப்புக்கடை என்ற பொருள்படும் பெயரைத் தம் எழுத்தில் சூட்டினார். நம் திண்ணையில் பகிர்தலாக இருந்த ஒன்று, அங்கே செலவு மிச்சமாக ஆனது.

*

இனி, ஏழைப் பிள்ளைகளின் இடங்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வருவோம்.

ரக்பி பள்ளியை 1567இல் நிறுவியவர் லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வணிகர். தம் ஊர்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிப்பதற்காகத் தம் சொத்தை எழுதிவைத்தார். ஹாரோ பள்ளி, 1572இல் அரசியின் சாசனம் பெற்ற ஜான் லயன் என்ற விவசாயியின் கொடை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான இலவசக் கல்வியே அதன் நோக்கம். பள்ளியின் புகழ் பரவ, வெளியூர்க் கட்டண மாணவர்கள் பெருகினார்கள். உள்ளூர் வணிகர்களின் பிள்ளைகள் அங்கே அந்நியர்களானார்கள். ஆர்னால்டின் ரக்பியிலேயே கீழ்வகுப்புகள் புறக்கணிக்கப்பட்டன. கீழ்வகுப்பு இல்லையென்றால் உள்ளூர்ப் பிள்ளை எங்கே தொடங்குவான்? நகரத்தார் நீதிமன்றம் வரை போனார்கள்.

1861இல் அமைக்கப்பட்ட கிளாரண்டன் ஆணையம் ஒன்பது பெரும் பள்ளிகளை ஆராய்ந்து 1864இல் அறிக்கை தந்தது. ஈட்டனின் நிதி நிர்வாகத்தில் நடந்த முறைகேடுகளும், லத்தீன் கிரேக்கம் தவிர வேறெதற்கும் இடமில்லாத பாடத்திட்டமும் வெளிச்சத்துக்கு வந்தன. அதன் தொடர்ச்சியாக 1868இல் 'பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆக்ட்' நிறைவேறியது. ஏழு பள்ளிகளுக்குப் புதிய நிர்வாகக் குழுக்கள் வந்தன. நிறுவனர்கள் விதித்த பழைய கட்டுப்பாடுகளை மாற்றியமைக்கும் அதிகாரமும் வந்தது. சீர்திருத்தம் என்றே அதைச் சொல்ல வேண்டும்; பல வகையில் அது சீர்திருத்தம்தான். ஆனால் மளிகைக்காரரும் விவசாயியும் எழுதிவைத்த வாக்கு அந்தச் சீர்திருத்தத்தில்தான் கரைந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று ஹாரோவில் 1876இலும் ரக்பியில் 1878இலும் தனித்தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒன்றுக்கு ஜான் லயன் பெயர், மற்றதற்கு லாரன்ஸ் ஷெரிஃப் பெயர். நிறுவனரின் பெயர் சிறிய பள்ளிக்குப் போயிற்று. அவர் நிறுவிய பள்ளி பெரியவர்களுக்குப் போயிற்று.

எஞ்சிய இலவச இடங்களுக்குப் போட்டித் தேர்வு வந்தது. அறிவுக்கே முதலிடம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லத்தீனும் கிரேக்கமும் கற்றுத் தேறிய பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருவான்? அதற்கென்றே தனியாகக் கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் ஆயத்தப் பள்ளிகள் முளைத்தன. நம் காலத்து நுழைவுத் தேர்வுகளையும், அவற்றைச் சுற்றி முளைத்த பயிற்சி மையங்களையும் கண்டவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது.

அப்படியொரு ஆயத்தப் பள்ளியில் 1911 முதல் 1916 வரை பாதிக் கட்டணத்தில் படித்த சிறுவன் எரிக் பிளேர். பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவன். தந்தை அபினித் துறை அதிகாரி. உதவித்தொகை வென்று பள்ளிக்குப் பெயர் வாங்கித் தருவான் என்ற கணக்கில் அவனுக்குக் கட்டணம் குறைக்கப்பட்டது. பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் ஆன அவர் அந்த நாட்களைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1952இல் வெளியானது. தன் தருமத்தில்தான் நீ படிக்கிறாய் என்று தலைமையாசிரியர் நினைவூட்டியதையும், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மீது பிரம்பு படாததையும் அதில் சொல்கிறார். அவருடன் படித்தவர்கள் சிலர் அது மிகை என்று மறுத்தார்கள். மறுத்தவர்கள் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. ஒரே வகுப்பறையில் தாளில் பெயர் இருந்தவனும் இல்லாதவனும் இரண்டு வெவ்வேறு பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஆர்வெல் எதிர்பார்த்தபடியே தேர்வில் வென்றார். 1917 முதல் 1921 வரை ஈட்டனில், அந்த எழுபது பேரில் ஒருவராக அங்கி அணிந்து படித்தார்.

இந்தப் பள்ளிகள் தந்தவற்றையும் மறைப்பது நியாயமாகாது. ஒட்டுறவு, பொறுப்பேற்கும் பழக்கம், வாழ்நாள் முழுக்க வரும் வாசிப்பு. 1905இல் பதினைந்து வயதில் ஹாரோவில் சேர்ந்த ஜவஹர்லால் நேரு, பரிசாகப் பெற்ற நூலின் வழியே இத்தாலியின் கரிபால்டியை அறிந்து, இந்திய விடுதலையைப் பற்றிக் கனவு கண்டார். அவருக்கு முன்னால் அங்கே படித்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1942 முதல் 1945 வரை நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்த காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில்தான். சிறை வைத்த ஆட்சியின் தலைவரும் சிறைப்பட்டவரும் ஒரே பள்ளிப் பாடல்களைப் பாடியவர்கள். முதல் உலகப் போரில் ஈட்டன் மாணவர்கள் 1,157 பேர் மாண்டார்கள். கட்டளையிடக் கற்றவர்கள் முன்வரிசையில் நின்று சாகவும் செய்தார்கள்.

*

1944இல், போர் முடியும் முன்பே, ஃபிளெமிங் குழு ஒரு பரிந்துரை தந்தது. இந்தப் பெரும் பள்ளிகள் தம் சேர்க்கையில் கால்பங்கு இடங்களை, அதாவது 25 சதவீதத்தை, அரசுப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். யார் பணம் தருவது என்ற கேள்வியிலேயே திட்டம் தேய்ந்து மறைந்தது.

அந்த எண்ணை நாம் அறிவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்து, அதை உறுதி செய்தது. அங்கே கரைந்துபோன கால்பங்கு இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. இங்கும் யார் பணம் தருவது என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

நம் நிலத்திலேயே இக்கதைக்கு ஓர் இணை உண்டு. 1858இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட லாரன்ஸ் காப்பகம், பிரிட்டிஷ் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கானது. பிறகு லவ்டேலில் அதுவே புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியாயிற்று. இன்று அங்கே பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈட்டனில் பிரம்பு போய்விட்டது. எடுபிடி வேலையும் போய்விட்டது. ஆண்டுக் கட்டணம் இப்போது அறுபதாயிரம் பவுண்டைத் தாண்டும். 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு. அந்தப் பள்ளி இதுவரை இருபது பிரதமர்களைத் தந்திருக்கிறது. எழுபது இடங்களும் இன்னும் இருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் பதினான்கு பேர் தேர்வெழுதி உள்ளே வருகிறார்கள், அங்கி அணிகிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் குறைக்கப்படுகிறது. முழுவதும் தள்ளுபடி பெறுபவர்களும் உண்டு. இருபதாவது பிரதமரான போரிஸ் ஜான்சன், ஏழைகளுக்கென்று மன்னர் வைத்த அந்த எழுபது இடங்களில் ஒன்றில் படித்தவர்.

ஆறாம் ஹென்றி 1471இல் லண்டன் கோபுரச் சிறையில் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் மே 21 அன்று ஈட்டனிலிருந்து லில்லி மலர்களும் கிங்ஸ் கல்லூரியிலிருந்து வெள்ளை ரோஜாக்களும் அவர் இறந்ததாகக் கருதப்படும் இடத்தில் வைக்கப்படுகின்றன. நன்றி மறவாத சடங்கு. அவர் கேட்டது மலர்களை அல்ல என்பதை அந்த இடத்தில் யாராவது நினைத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் பெரியவருக்கு நான் சொன்ன பதில் மிகச் சிறியது: "இல்லீங்க ஐயா, ஃபீஸ் உண்டு." அவர் தலையசைத்துவிட்டுப் பேத்தியோடு பேருந்தில் ஏறினார். கால்பங்கு ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். விண்ணப்பிக்கும் தேதியைச் சொல்லியிருக்கலாம். அந்தச் சிறுமி அங்கே சேர்ந்திருந்தால், வகுப்புக்குள் வரும் தாளில் அவள் பெயர் எப்படிப் படிக்கப்பட்டிருக்கும் என்ற எண்ணம் முந்திக்கொண்டு வந்து என் வாயை அடைத்துவிட்டது. அது நான் செய்த பிழை. சேர்வதா வேண்டாமா என்பதை அவர்கள் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்.